பழைய மசில் காரை டிரிஃப்டுக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960, 70-களின் அமெரிக்க வி8 கார்களையும், அவற்றின் வாரிசுகளான 80-களின் மஸ்டாங், கமாரோக்களையும் வைத்து டிரிஃப்ட், அதாவது பின்சக்கரங்களை வேண்டுமென்றே நழுவவிட்டுக் காரைப் பக்கவாட்டில் சறுக்கி ஓட்டுவது, பழக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. போட்டியில் கோப்பை வாங்க அல்ல, டிராக் திறந்திருக்கும் நாளில் போய் ஆசை தீரச் சறுக்கிவிட்டு, காரை உருப்படியாக வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக எழுதியது. என்னிடம் இருப்பது 350 கன அங்குல எஞ்சின் போட்ட 1972 ஷெவர்லே நோவா. கீழே சொல்லும் தவறுகளில் பாதியை அதில்தான் செய்தேன்.

டிரிஃப்ட் என்றாலே ஜப்பான் கார்தானே? மசில் காரில் சரிப்பட்டு வருமா?

வரும். எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், டயரைச் சுழற்றும் அளவுக்கு டார்க் (முறுக்குவிசை). இந்த மூன்றும் மசில் காருக்குப் பிறவியிலேயே உண்டு. வான் கிட்டின் ஜூனியர் 2010-ல் அமெரிக்க டிரிஃப்ட் போட்டித் தொடரான ஃபார்முலா டிரிஃப்டின் பட்டம் வென்றது மஸ்டாங்கில்தான். அது புது மாடல், அடியோடு மாற்றிக் கட்டிய கார் என்பது வேறு விஷயம்.

இடிக்கும் இடங்கள் எடையும் நீளமும் ஸ்டியரிங்கும். நிஸான் 240எஸ்எக்ஸ் சுமார் 1,250 கிலோ, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 97 அங்குலம் சொச்சம். முதல் தலைமுறை கமாரோ 108 அங்குலம், 1968 சார்ஜர் 117 அங்குலம், எடையும் 1,500 கிலோவையொட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நீளமான கார் சுழல ஆரம்பிக்க நேரம் எடுக்கும். பழகுகிறவருக்கு இது நல்லதுதான், தப்பு செய்தால் திருத்திக்கொள்ள ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு பக்கம் வீசியடித்த பிறகு அந்தக் கனத்தை நிறுத்துவது லேசல்ல. பின்பக்கம் பெரிய மணியின் நாக்கு மாதிரி மறுபக்கம் வந்து அடிக்கும்.

எந்தக் காரைத் தேடலாம்?

இன்னும் வாங்கவில்லை என்றால் ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்கை (1979–1993) முதலில் பாருங்கள். 100.5 அங்குல வீல்பேஸ், சுமார் 1,400 கிலோ, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்னால் ஸ்ட்ரட். 1986-லிருந்து வந்த வி8 கார்களில் நம்பகமான 8.8 அங்குல ஆக்சிலும் இருக்கிறது. ஸ்டியரிங் கோணத்தைக் கூட்ட ரெடிமேட் கிட் கிடைக்கும். அடுத்தது 1982–1992 கமாரோ. பின்னால் காயில் ஸ்பிரிங், டார்க் ஆர்ம், பான்ஹார்ட் ராடு என்று அமைப்பு நன்றாக இருக்கும். ஆனால் ஆக்சில் ஒல்லி.

இல்லை, 60-களின் உருவம்தான் வேண்டும் என்றால் நோவா, டார்ட், முதல் தலைமுறை மஸ்டாங் போன்ற சின்ன உடம்புக்காரர்களில் தேடுங்கள். நாலு கதவுக் காரையோ, ஆறு சிலிண்டரோடு பிறந்த காரையோ இளக்காரமாகப் பார்க்காதீர்கள். சறுக்கும்போது கதவை யாரும் எண்ணுவதில்லை.

பெயின்ட், குரோம், எஞ்சின் எல்லாவற்றையும்விடத் துருவைப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் சப்ஃபிரேம் போல்ட் ஆகும் இடம், தரைத் தகடு ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஃபாக்ஸ் பாடியில் பின் ஆர்ம்கள் சேரும் டார்க் பாக்ஸின் வெல்டிங் கிழிந்திருக்கிறதா என்று கட்டாயம் படுத்துப் பார்க்க வேண்டும். மசில் கார்களில் பல தனி சேஸிஸ் இல்லாதவை. முன் பின் சப்ஃபிரேம்களை இணைக்கும் கனெக்டரை வெல்டு செய்வது நான் யோசிக்காமல் செய்யச் சொல்லும் சில வேலைகளில் ஒன்று.

வீட்டில் அசல் நிலையில் ஒரு கார் இருக்கிறது. அதிலேயே பழகலாமா?

வேண்டாம். எஞ்சின் எண்ணும் உடல் எண்ணும் பொருந்திய காரை அப்படியே விட்டுவிடுங்கள். டிரிஃப்டில் பின் பம்பரும் ஃபெண்டரும் அடிபடுவது சகஜம். அதற்கு மனம் வராத காரில் காலும் தைரியமாக மிதிக்காது.

எத்தனை குதிரைசக்தி வேண்டும்?

இருக்கிறது போதும். ஓட்ட நிலையில் உள்ள 302 அல்லது 350, 200-லிருந்து 300 குதிரைசக்தி கொடுத்தால் ஆரம்ப நாட்களுக்கு அதிகமே. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதையாக, கேம்ஷாஃப்டுக்கும் கார்புரேட்டருக்கும் அள்ளி இறைத்துவிட்டு டை ராடு வாங்கக் காசில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

சரி, முதலில் எதில் கை வைப்பது?

சீட்டில்.

சிரிக்க வேண்டாம். பழைய மசில் காரில் பெரும்பாலும் வழவழவென்ற வினைல் பெஞ்ச் சீட், இடுப்பில் மட்டும் ஒரு பெல்ட். முதல் நாள் என் நோவாவில் இடப்பக்கம் சறுக்கியபோது என் உடம்பு சீட்டில் வழுக்கிக்கொண்டு போனது. விழாமல் இருக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினேன், இடது முட்டியைக் கதவில் முட்டுக்கொடுத்தேன். ஸ்டியரிங்கைத் தொங்கும் கம்பியாகப் பயன்படுத்துகிறவர் அதைத் திருப்ப முடியாது. பக்கங்கள் உயர்ந்த பக்கெட் சீட்டைத் தரையில் உறுதியாக போல்ட் செய்தபின், ஓட்டுவது வேறு ஆள் மாதிரி இருந்தது.

நாலு அல்லது ஆறு முனை ஹார்னெஸ் (பந்தய சீட் பெல்ட்) போடுவதானால் அதன் தோள் பெல்ட்டுகள் ரோல் பாரில் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவில்) கட்டப்பட வேண்டும். பின் சீட்டின் அடித்தகட்டில் கட்டினால் மோதலில் பட்டை கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் எஸ்ஏ முத்திரை இருக்க வேண்டும், அது தீ தாங்கும் கார் வகை. எம் முத்திரை மோட்டார்சைக்கிளுக்கு. ரோல் கேஜ் போட்ட காரில் ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் போகாதீர்கள், தலை மோத இரும்புக் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது.

பழைய காருக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. மோதும்போது மடங்கும் ஸ்டியரிங் காலம் அமெரிக்கக் கார்களில் 1967, 68 வாக்கில்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய காரில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து நெஞ்சு வரை ஒரே தண்டு, மாற்றிவிடுங்கள். இன்னொன்று முதல் தலைமுறை மஸ்டாங்கின் பெட்ரோல் டாங்க். அதன் மேல்தகடுதான் டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் அட்டைதான் மறைப்பு. அங்கே ஒரு இரும்புத் தகட்டை முழுதாக அடைத்து ரிவெட் அடியுங்கள். தீயணைப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் கிளிப்பில் அல்ல.

ஸ்டியரிங்கில் என்ன மாற்ற வேண்டும்?

இந்தக் கார்களை டிரிஃப்டுக்குக் கட்டுவதில் பாதி வேலை இதுதான்.

கார் எவ்வளவு கோணத்தில் சறுக்குகிறதோ அதற்கு ஈடாக முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த மசில் காரில் சக்கரம் 30 டிகிரி சொச்சம்தான் ஒடியும். போட்டிக் கார்களில் 60-ஐத் தாண்டும். ஒடிக்க இடமில்லாமல் முட்டிய அடுத்த கணம் கார் சுழன்றுவிடும், எவ்வளவு திறமை இருந்தாலும் சரி.

கோணத்தைக் கூட்டுவதற்கு முன் ஆட்டத்தைக் கொல்லுங்கள். ஸ்டியரிங் பெட்டி, ராக் ஜாயின்ட் (தண்டையும் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் மூட்டு), பிட்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், சென்டர் லிங்க், டை ராடுகள் என்று இத்தனை மூட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு துளி தேய்மானம் இருந்தால் கையில் இரண்டு விரல் அளவு ஆட்டம் சேர்ந்துவிடும். ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாக அசைக்க, இன்னொருவர் காருக்கடியில் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். என் காரில் அது ஐட்லர் ஆர்ம். பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் வேகம். பழைய பெட்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாலு சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும். அதற்குள் கார் பின்னோக்கி நின்றுவிடும். இரண்டரை, மூன்று சுற்றில் முடியும் பெட்டி தேவை. பழைய ஷெவர்லேக்காரர்கள் 80-களின் கமாரோ ஐராக்கில் வந்த 12.7:1 பெட்டியை ஏற்றிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ராக் ஜாயின்டையும் ஹோஸ் முனைகளையும் மட்டும் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

கோணம் கூட்ட எளிய வழி, சக்கரத்தைத் தடுக்கும் ஸ்டாப்பைக் கொஞ்சம் அராவுவது. அடுத்தது, நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதியில்) டை ராடு மாட்டும் கையின் நீளத்தைக் குறைப்பது. கை குட்டையானால் அதே அசைவுக்குச் சக்கரம் அதிகம் திரும்பும், ஸ்டியரிங்கும் அந்த அளவுக்குக் கனக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சக்கரம் ஒரு அளவுக்கு மேல் ஒடிந்தால் டை ராடும் அந்தக் கையும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும். அதையும் தாண்டினால் மூட்டு மறுபக்கம் மடங்கி, சக்கரம் ஒடிந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். ஓடும்போது இது நடந்தால் நீங்கள் வெறும் பயணி. ஆகவே காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுதாக ஒடித்து, மேலும் கீழும் தூக்கி இறக்கிப் பாருங்கள். நேர்கோட்டுக்கு முன்பே ஸ்டாப் முட்ட வேண்டும். டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்பதும் அப்போதே தெரியும்.

இன்னொன்று: 1967–69 கமாரோவிலும் என் நோவாவிலும் ஸ்டியரிங் கம்பிகள் அச்சுக்குப் பின்னால், 1970–81 கமாரோவில் முன்னால். ஒன்றின் நக்கிள் மற்றதற்கு ஆகாது. ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

பவர் ஸ்டியரிங் ஆயில் கொதித்துப் பொங்கும். எரிந்த நாற்றத்தோடு பம்ப் முனக ஆரம்பித்தால் அதுதான். திரும்பி வரும் குழாயில் ஒரு சின்ன கூலர் வைத்தால் தீர்ந்தது.

அலைன்மென்ட் எப்படி வைப்பது?

முன்சக்கரத்தில் காம்பர் (சக்கரம் மேலே உள்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் 2-லிருந்து 3.5 டிகிரி வரை, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் கோணம்) 5-லிருந்து 7, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம் அல்லது துளி வெளிப்பக்கம். இங்கிருந்து தொடங்கி உங்கள் கை சொல்கிறபடி மாற்றுங்கள்.

காஸ்டர்தான் உயிர். பின்பக்கம் சறுக்கும்போது ஸ்டியரிங்கைக் கையில் தளர விட்டால் அது தானாகவே எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைத் தருவது காஸ்டர். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்துக் கார்களுக்கு, லேசாகத் திருப்ப வேண்டும் என்பதற்காக, பூஜ்யத்தையொட்டியே காஸ்டர் வைத்திருந்தார்கள். மேல் கண்ட்ரோல் ஆர்மின் ஷிம்களால் (மெல்லிய தகடுகளால்) ஓரளவு பெறலாம், மிச்சத்துக்கு மாற்று ஆர்ம்தான் வழி. 60-களின் மஸ்டாங்கில் மேல் ஆர்மின் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கும் ஷெல்பி டிராப் என்ற வேலை உண்டு. துளையிடும் கருவியும் ஒரு மாலையும் போதும், வளைவில் முன்டயர் பிடிப்பது கண்கூடாகத் தெரியும்.

பின்பக்கம்? ஒற்றை ஆக்சில், அலைன்மென்ட் வேலையே இல்லை. ஜப்பான் கார்க்காரர்கள் பின் ஆர்ம்களோடு போராடும்போது நாம் டீ குடிக்கலாம்.

டிஃபரன்ஷியலை வெல்டு அடிக்கலாமா?

டிஃபரன்ஷியல் என்பது இரண்டு பின்சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் கூட்டம். முதலில் இருப்பது என்ன என்று பாருங்கள். தார்ப்பரப்பில் சக்கரத்தைச் சுழற்றினால் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் அது ஓப்பன் டிஃபரன்ஷியல். அதில் டிரிஃப்ட் வராது, உள்பக்கச் சக்கரம் மட்டும் புகை விட்டுக்கொண்டு நிற்கும்.

வெல்டு அடிப்பது மலிவான வழி, வேலையும் செய்யும். இரண்டு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும், கார் எப்போது நழுவும் எப்போது பிடிக்கும் என்பதில் குழப்பமே இல்லை. ஆனால் ஆயில் சொட்டு இல்லாமல் கழுவி, சூடேற்றி, சைடு கியரையும் ஸ்பைடர் கியரையும் ஆழமாகச் சேர்த்து அடிக்க வேண்டும். ஏனோதானோ என்று நாலு புள்ளி வைத்தால் அது உடைந்து கிரவுன் பல்லுக்குள் போய் விழும். வெல்டரை நம்ப முடியாவிட்டால் மினி ஸ்பூல் (இரண்டு தண்டையும் ஒன்றாகப் பூட்டும் துண்டு) போடுங்கள். ரோட்டிலும் ஓட்டும் கார் என்றால் கிளட்ச் வகை எல்எஸ்டி (சக்கரங்கள் தனித்தனியே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்). டெட்ராய்ட் லாக்கரை நான் விரும்புவதில்லை. மிதிக்கும்போது பூட்டும், காலை எடுத்தால் ஒரு சக்கரத்தை விட்டுவிடும். சறுக்கலின் நடுவில் அந்த 'கிளிக்' வேண்டாத விருந்தாளி.

பூட்டிய டிஃபரன்ஷியல் ஆக்சில் தண்டுகளை முறுக்கும். இங்கே சி கிளிப் ஆக்சில்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜிஎம் 10 போல்ட், 12 போல்ட், ஃபோர்டு 8.8 ஆகியவற்றில் தண்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன சி வடிவ வளையம். தண்டு உடைந்தால் சக்கரம் அப்படியே வெளியே நழுவிவிடும். ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் வெளிமுனையில் பேரிங் தகடு பிடித்திருப்பதால் அந்த பயம் இல்லை. 8.8-க்கு 28 ஸ்ப்ளைன் தண்டை மாற்றி 31 ஸ்ப்ளைன் போடுவது நல்ல செலவு.

கிரவுன் ரேஷியோவையும் (பின் ஆக்சிலின் கியர் விகிதத்தையும்) கவனியுங்கள். பல ஃபாக்ஸ் மஸ்டாங்குகளில் 2.73 இருக்கும். 26 அங்குல டயரோடு இரண்டாம் கியரில் 5,500 சுற்றில் சக்கர வேகம் சுமார் 125 கிலோமீட்டர். 3.73 போட்டால் அதே சுற்றில் 92. ஆரம்பக்காரர் சறுக்குகிற வேகத்தில் சக்கரம் 70-ல் சுழலும் என்று வையுங்கள். முதல் கணக்கில் எஞ்சின் 3,100-ல் கிடக்கும், இரண்டாவதில் 4,200-ல் விழித்துக்கொண்டிருக்கும்.

பின்சக்கரம் தட் தட்டென்று குதிக்கிறது. ஏன்?

லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்கிறது. மிதித்தவுடன் ஆக்சில் பின்னோக்கிச் சுழல முயல்கிறது, பட்டை எஸ் வடிவத்தில் நெளிகிறது, டயர் பிடிவிட்டதும் நிமிர்கிறது, மறுபடி நெளிகிறது. வினாடிக்குப் பலமுறை. தண்டும் கியர் பாக்ஸும் உடைவது இந்தக் குதிப்பில்தான், குதிரைசக்தியால் அல்ல. குதித்தால் உடனே காலை எடுங்கள். முன் கண்ணில் உள்ள புஷ்ஷை மாற்றி, டிராக்‌ஷன் பார் போட்டு, நல்ல ஷாக் அப்சார்பர் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு அடியில் ஒரு பாதுகாப்பு வளையம் போட இதுவே நேரம். முன் ஜாயின்ட் போனால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரைத் தூக்கும்.

என் காரில் ஹேண்ட்பிரேக்கே இல்லை, காலால் மிதிக்கும் பிரேக்தான். என்ன செய்வது?

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் பார்க்கிங் பிரேக் இடது காலடியில் பல் வைத்துப் பூட்டிக்கொள்ளும் மிதி. டிரிஃப்டுக்குக் கதைக்கு உதவாது. ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்தான் பதில். தனி மாஸ்டர் சிலிண்டர் கொண்ட லீவரைப் பின் பிரேக் குழாயின் நடுவில் சேர்த்துவிடுவது. கியர் லீவருக்குப் பக்கத்தில், தோளைச் சீட்டிலிருந்து எடுக்காமல் எட்டும் உயரத்தில் வையுங்கள்.

பின்னால் டிரம் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் சூடேறினால் மங்கும், பூட்டிக்கொண்டு விடாமல் அடம் பிடிக்கும். முன்னாலாவது டிஸ்க்குக்கு மாற்றுவது கட்டாயம். காருக்கே ஒரு பார்க்கிங் பிரேக் வேண்டும் என்பதால் பழைய மிதியைக் கழற்றாதீர்கள்.

கார்புரேட்டரோடு ஓடுமா, இன்ஜெக்‌ஷன் வேண்டுமா?

ஓடும், ஆனால் முணுமுணுக்கும். பக்கவாட்டில் நீண்ட நேரம் இழுக்கும்போது மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு சுவரில் ஏறிக்கொள்ளும். ஜெட் வெறும் காற்றை உறிஞ்சும், இல்லாவிட்டால் காற்றுக்குழாய் வழியே வழிந்து எஞ்சின் மூச்சுத்திணறும். நேர்ரோட்டில் இது சின்ன இடறல். சறுக்கலின் நடுவில் பின்டயர் சட்டென்று பிடித்துக் காரை மறுபக்கம் எறிந்துவிடும். மிதவை மட்டத்தைச் சரியாக வைத்து, கிண்ணத்தின் நடுவில் தொங்கும் மிதவையுள்ள கார்புரேட்டருக்கு மாறினால் நிறையத் தெளியும். டாங்கில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் வையுங்கள். முழு நிம்மதி த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனில்தான்.

கார்புரேட்டரிலேயே தொடர்வதானால் த்ராட்டிலுக்கு இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங். எஞ்சின் மவுன்டையும் பாருங்கள். 1960-களின் பிற்பகுதி ஷெவர்லேக்களில் மவுன்ட் அறுந்து எஞ்சின் எழும்பினால் ஆக்சிலேட்டர் தண்டை இழுத்துத் திறந்துவிடும் ஆபத்து இருந்தது. அதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971-ல் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அப்போது தப்பிய கார் உங்களிடம் இருக்கலாம். சங்கிலி போட்டோ, பூட்டும் மவுன்ட் மாட்டியோ அடக்கிவிடுங்கள்.

ஆயில் பிரஷர் முள் ஆடுகிறது. பயப்பட வேண்டுமா?

ஆம். என் மூன்றாவது டிராக் நாளில் நீண்ட வலது வளைவு. எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. தற்செயலாகக் கண் டேஷில் பட்டபோது முள் 50-லிருந்து 10-க்கு இறங்கி, நான் நேராக்கியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேலேறி உட்கார்ந்தது. நானும் ஒன்றும் தெரியாத மாதிரி இன்னும் இரண்டு சுற்று போனேன். வீட்டில் பிரித்தபோது ராடு பேரிங்கில் வெள்ளி மறைந்து செம்பு தெரிந்தது.

சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஆயில் ஒரு பக்கம் ஓடிவிட, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. தடுப்புத் தகடும் சின்னக் கதவுகளும் வைத்த சம்ப் போடுங்கள். அது வரும்வரை அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, நீளமான வளைவுகளைத் தவிர்க்கலாம். எச்சரிக்கை விளக்கு ஒன்றையும் கண்ணில் படும்படி பெரிதாக வையுங்கள். சறுக்கும்போது யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை, என்னைப் போல் தற்செயலாகப் பார்த்தால் உண்டு.

சூடாகிறதே?

ஆகும். எஞ்சின் உச்சத்தில் கத்துகிறது, காரோ பக்கவாட்டில் மெல்லப் போகிறது, ரேடியேட்டருக்குள் காற்றே நேராக வருவதில்லை. பெரிய அலுமினிய ரேடியேட்டர், முழு மூடியுள்ள மின்விசிறி, பானட்டின் பின் விளிம்பைத் திறந்து காற்று வெளியேற வழி, இவ்வளவுதான். பல டிராக்குகளில் கிளைகால் கூலன்டுக்கு அனுமதி இல்லை, கொட்டினால் வழுக்கும். தண்ணீரோடு அரிப்புத் தடுப்பான் கலந்து ஊற்றி, வழிவதைப் பிடிக்க ஒரு டப்பா வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியரில் முடியுமா?

முடியும், இரண்டாம் கியரில் பூட்டி ஓட்ட வேண்டும். கிளட்ச் கிக் (கிளட்சைச் சட்டென்று மிதித்து விட்டுப் பின்சக்கரத்தை நழுவவைப்பது) கிடையாது. ஹேண்ட்பிரேக்கையும் எடை மாற்றத்தையும் நம்பித்தான் தொடங்க வேண்டும். கூலர் இல்லாமல் அரை நாள் தாங்காது. மேனுவல் மாற்றும்போது ஃபாக்ஸின் டி5 பெட்டியைப் போட்டால், அது ஒட்டும் டயரோடும் முரட்டுக் கிளட்ச் கிக்கோடும் நீண்ட நாள் குடித்தனம் நடத்தாது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

டயர் என்ன போடலாம்?

முன்னால் நல்லது, பின்னால் மலிவானது. முன்டயரின் பிடிதான் காரைத் திருப்புகிறது, 200 டிரெட்வேர் (தேய்மான எண்) வகை 235 அல்லது 245 அகலம் போதும். பின்னால் கடினமான சாதாரண டயர், 40 பிஎஸ்ஐயையொட்டிய காற்று. பின்னால் பிடி குறைந்தால் எஞ்சினுக்கும் ஆக்சிலுக்கும் சுமை குறைவு, கற்றுக்கொள்வதும் மெல்லிய வேகத்தில் நடக்கும். 14, 15 அங்குலத்தில் டயர் கிடைப்பது அரிது என்பதால் 17-க்கு மாறுவது பிழைக்கும் வழி.

பழைய டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ரொம்ப வயதானது தேய்வதற்குப் பதில் பட்டையாக உரியும். அந்த ரப்பர் பட்டை பிரேக் குழாயையும் வயரையும் சாட்டையாக அடிக்கும். ஃபெண்டருக்குள் எதுவும் தொங்காமல் கட்டிவிடுங்கள்.

முதல் நாள் எப்படிப் பழகுவது?

ஈரத் தரையில் ஒரே ஒரு கூம்பைச் சுற்றி வட்டம். இரண்டு பக்கமும். பிறகு இரண்டு கூம்பு வைத்து எட்டு. வி8-ல் எல்லோரும் ஸ்டியரிங்கை ஒடித்து ஓங்கி மிதித்துத் தொடங்குவார்கள். முன்பக்கம் கனமான கார் நேராகவே உழுதுகொண்டு போகும், அல்லது ஒரே சுற்றாகச் சுற்றிவிடும். ஹேண்ட்பிரேக்கை ஒரு இழுப்பு இழுத்துப் பின்பக்கத்தை அவிழ்த்துவிட்டு, பிறகு மெல்ல மிதித்துப் பாருங்கள். கால் அழுத்தம் முட்டையின் மேல் நிற்பதுபோல இருக்க வேண்டும். சுழலப் போகிறது என்று பயந்து சடாரென்று காலை எடுப்பதுதான் மறுபக்க வீச்சுக்குக் காரணம். கண் போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். கூம்பையே பார்த்தால் கூம்பில்தான் போய் ஏறும்.

காலி ரோட்டில் பழகலாமா?

கூடாது. காலி ரோடு என்று ஒன்று இல்லை.

டிராக்கில் காரைச் சோதிக்கும்போது எதற்காகத் திருப்பி அனுப்புவார்கள்?

ஆயில் சொட்டு, கட்டப்படாத பேட்டரி, ஆடும் பால் ஜாயின்ட், குறைந்த வீல் நட், காருக்குள் உருளும் பொருட்கள். டிக்கியில் மறந்துவைத்த ஜாக்கி ஒன்று என் நண்பரின் நாளையே காலி செய்தது. கொண்டுபோக வேண்டியது: டை ராடு ஒரு ஜோடி, பெல்ட், ஹோஸ், பவர் ஸ்டியரிங் ஆயில், யு ஜாயின்ட், டார்க் ரெஞ்ச்.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

காரை ஆறவிட்டு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். அரைச் சுற்று இறங்கும் நட்டு எப்போதும் ஒன்றாவது இருக்கும். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்னால் டை ராடின் ரப்பர் மூடிகள் கிழிந்திருக்கிறதா, ஸ்டியரிங் பெட்டி போல்ட் ஆகும் இடத்தில் ஃபிரேமில் மயிரிழை விரிசல் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் நோவாவில் அந்த விரிசல் பெயின்டில் விழுந்த கோடு மாதிரிதான் இருந்தது. நகத்தை வைத்து இழுத்தபோது நகம் மாட்டிக்கொண்டது. அன்று கார் டிரெய்லரில்தான் வீடு வந்தது.